‘இங்கே வா’ முதல் ‘மலையகத் தமிழர்’ வரை

மொழியிலே மரியாதை எங்கே இருக்கிறது என்று எவரேனும் வினவினால், இலக்கணம் கற்பிப்பவன் என்ற முறையில் உயர்வுப் பன்மையைக் காட்டியே நான் விடை கூறுவது வழக்கம். ஒருவரைப் பலராக வைத்துக் கூறுதல். ‘வந்தான்’ என்பதை ‘வந்தார்’ எனல். ‘வா’ என்பதை ‘வாருங்கள்’ எனல். பத்தாம் வகுப்பு மாணவருக்கு இதனை விளக்க ஒரு பாடவேளை போதும். ஆயினும் இப்பாடத்தை நான் சரிவரக் கற்றுக்கொண்டது, வடக்கிலிருந்து மலையகப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் ஆண்டிலேதான். கற்பித்தவள் என் மாணவி ஒருத்தி.

பெற்றோர் கூட்டம் நடந்த ஒரு நாளில் தாய்மார் சிலர் கொழுந்து மடுவத்திலிருந்து நேரே வந்திருந்தனர். வரவுப் பதிவேட்டில் எல்லோரும் ஒப்பமிட வேண்டியிருந்தது. அவர்களுள் ஒருவரை நோக்கி, ‘இங்கே வா, இதிலே ஒப்பம் வை’ என்றேன். அவருக்கு என் மூத்த தமக்கையின் வயதிருக்கும். அவருக்குப் பின்னே நின்றவர் நகரத்துக் கடை முதலாளி. அவரைப் பார்த்து, ‘வாருங்கள், இருங்கள்’ என்றேன். இரண்டையும் ஒரே மூச்சிற் கூறினேன். இரண்டுக்கும் இடையே வேற்றுமை உண்டென்பது என் செவிக்கே எட்டவில்லை. மறு வாரம் வகுப்பில் உயர்வுப் பன்மை நடந்தது. தந்தை, ஆசிரியர், அதிபர், அமைச்சர் என எடுத்துக்காட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். முன் வாங்கிலிருந்த மாணவி எழுந்து, ‘சேர், எங்க அம்மாவுக்கு எது வரும்?’ என்று கேட்டாள். ஐயம் கேட்கும் குரலிலேயே கேட்டாள். அவளுடைய தாய்தான் அன்று பதிவேட்டருகே நின்றவர் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

அக்கேள்விக்கு அன்று நான் அளித்த விடை ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. அது போதாது என்பதை நான் அறிவேன். எனது நாவிலே ‘இங்கே வா’ என்பது எங்கிருந்து வந்து குடியேறியது? அதனைத் தேடிச் சென்றால் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை அவ்வரலாற்றின் ஒரு பக்கத்தைச் சொல்ல முயல்கிறது. தேயிலைத் தோட்டங்களிலே உழைத்து இந்நாட்டின் செல்வத்தைப் பெருக்கிய மக்களைப் பிறர் எவ்வெப் பெயரால் அழைத்தனர், அவர்கள் தம்மை எப்பெயரால் அழைக்கலாயினர் என்பதே அப்பக்கம்.

முதலில் இலக்கணத்தை நோக்குவோம். ஒருவரைப் பன்மையாற் சுட்டுதல் உலக வழக்கிலே உயர்வு கருதி வந்ததென்றும், இலக்கண நெறிப்படி அமைந்ததன்று என்றும் தொல்காப்பியர் சொல்லதிகாரத்திற் குறித்துள்ளார். இக்குறிப்பு ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. யாருக்குப் பன்மை, யாருக்கு ஒருமை என்பதைத் தீர்மானிப்பது சமுதாய வழக்கு. உடைமை யாரிடம் இருக்கிறதோ, அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர் பக்கமே வழக்குச் சாய்கிறது. வழக்கு மனிதரால் ஆக்கப்பட்டதெனின், அது மனிதரால் மாற்றத்தக்கதுமாம்.

இனி, ‘கூலி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் இது பழமையான, குற்றமற்ற சொல். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்திலே வள்ளுவர் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். ஊழ் கைவிட்டாலும் முயற்சி கைவிடாது என்று கூற வந்தவிடத்து, உடல் வருந்திய உழைப்பிற்குக் கிட்டும் பயனைக் குறிக்க அவருக்கு வாய்த்த சொல் இதுவே. ஆக, கூலி என்பது உழைத்தவன் பெறுவது; உழைத்தவனின் பெயரன்று. ‘கூலியாள்’ என்று சொல்லும்போதுகூட ‘ஆள்’ என்ற சொல்லுக்கு அங்கே இடமிருந்தது.

ஐரோப்பிய வணிகரின் நாவிலும், பின்னர் ஆங்கில ஆட்சியின் சட்டங்களிலும் புகுந்தபோது இச்சொல் ஆளை விழுங்கிற்று. ஆங்கிலச் சொல்லின் பிறப்பைத் தமிழ்க் ‘கூலி’யோடு இணைப்பாரும், குஜராத்திலுள்ள ‘கோலி’ என்ற குலப் பெயரோடு இணைப்பாரும் உளர். எவ்வாறாயினும் 19ஆம் நூற்றாண்டிலே அது ஒரு வகை மனிதரைக் குறிக்கும் பெயராகிவிட்டது. மொரிசியஸ், நேட்டால், பீஜி, மேற்கிந்தியத் தீவுகள் என்று கரும்பும் கோப்பியும் தேயிலையும் விளைந்த இடமெங்கும் கப்பலேறிச் சென்றது. தென்னாபிரிக்காவிலே வழக்கறிஞராக இருந்த காந்தியடிகளையே வெள்ளையர் ‘கூலி பாரிஸ்டர்’ என்றனர். அங்கே கூலி என்பது ஊதியத்தையோ தொழிலையோ சுட்டவில்லை, பிறப்பைச் சுட்டிற்று.

இலங்கையில் 1820களில் கம்பளைப் பகுதியிலும் கண்டியை அடுத்த கன்னொருவையிலும் பெருமளவிலான கோப்பிச் செய்கை தொடங்கியது. அதற்கென ஆள் கட்டி அழைத்துவரப்பட்டோர் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலே பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நொந்திருந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரையில் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே மடிந்தோர் மிகப் பலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. அரசாங்கப் பத்திரங்களிலும் தோட்டக் கணக்குகளிலும் அவர்கள் ‘கூலிகள்’ என்ற தொகையாக மட்டுமே இடம்பெற்றார்கள். அவர்களுடைய ஆன்ம ஈடேற்றத்திற்கென 1850களில் எழுந்த கிறித்தவ ஊழிய அமைப்புக்கூட, ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றே தன்னை அழைத்துக்கொண்டது. இகழ வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்காது. இகழ்ச்சி இயல்பான பேச்சாகிவிட்டால், நல்லெண்ணம் உடையோரும் அதைப் பேசுவர் என்பதற்கு இஃதொரு சான்று.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இப்பெயருக்குப் பின்னால் இருந்த அதிகாரத்தை நமக்குக் காட்டுகிறது. வேலைக்கு வராமையும், முன்னறிவித்தலின்றி விலகுதலும் அதன்படி சிறையிலிடத்தக்க குற்றங்களாயின. ஒரு தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் நட்டஈடு கேட்பதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம், இங்கே விலங்கு பூட்டி முடிக்கப்பட்டது. அதனோடு ‘துண்டு’ என்ற முறையும் வந்து சேர்ந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த ஒரு சிறு காகிதம், அவரை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்குக் கைமாற்றப் போதுமானதாயிருந்தது. 1921இலேதான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. விற்று வாங்கத்தக்க நிலையில் ஒரு மனிதரை வைத்துக்கொண்டு அவரைப் பன்மையில் அழைக்க எந்த எசமானன்தான் முன்வருவான்?

வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க அக்காலத்திலே நூல்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ. எம். பெர்குசன் என்பவர் தொகுத்து வெளியிட்ட கைநூல். சின்னத்துரைமாரின் சட்டைப்பைக்கு அளவான அந்நூலின் பெயர் ‘இங்கே வா’. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெல்ஸ் என்பவர் எழுதிய மற்றொரு நூலின் பெயர் ‘கூலித் தமிழ்’. சங்க காலந்தொட்டு இலக்கியம் கண்ட ஒரு மொழியிலிருந்து, தோட்ட நிர்வாகத்துக்கு வேண்டிய ஏவற் சொற்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் புதியதொரு தமிழ் சமைக்கப்பட்டது. அத்தமிழிலே துரைக்கு ஒரு முன்னிலை. உழைப்போருக்கு வேறொரு முன்னிலை. துரையின் மனைவி ‘துரைச்சாணி’. துரைக்கு உதவியாளர் ‘சின்னத்துரை’. கொழுந்து பறிக்கும் மூதாட்டிக்கோ ‘இங்கே வா’.

இவ்வளவுக்கும் பழி துரைமாருடையது மட்டுமா? துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்ற பெரிய கங்காணியும் கணக்கப்பிள்ளையும் தமிழர்களே. ஊரிலிருந்தபோது மேற்சாதி கீழ்ச்சாதியிடம் வழங்கிய ஏவல் ஒருமையைத்தான் அவர்கள் பிரட்டுக் களத்திலும் வழங்கினர். துரையின் கைநூல் அந்த வழக்கைக் கண்டுபிடிக்கவில்லை, அச்சேற்றிற்று. காலனித்துவச் சுரண்டலும் நமது சாதியமும் கைகோத்த இடம் அது. இதனை மறைத்து எழுதும் வரலாறு அரை வரலாறே.

தோட்டத்து வழக்கிலே இன்னொரு சொல் உண்டு. அங்கே ‘பேர்’ என்றால் ஒரு நாட்சம்பளம். காலையில் பிரட்டிலே பெயர் பதிந்து, குறித்த அளவு வேலையை முடித்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தாலோ மழையால் வேலை தடைப்பட்டாலோ அரைப் பேர். ‘இன்றைக்கு அரைப் பேர்தான் போட்டாங்க’ என்று தாய்மார் பேசிக்கொள்வதை நான் முதன்முறை கேட்டபோது பொருள் விளங்காமல் விழித்தேன். விளங்கிய பின்னர் நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊதியத்தைக் குறித்த கூலி என்ற சொல் ஆளுக்குப் பெயராயிற்று. ஆளைக் குறித்த பேர் என்ற சொல் ஊதியத்துக்குப் பெயராயிற்று. நூல் வல்லார் எவரும் கூடியிருந்து செய்த மாற்றமன்று இது. உற்பத்தி முறை ஒன்று மொழியின் மீது தன் தழும்பை இவ்வாறு பதித்துவிட்டது.

1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பி பறிப்பதற்குப் பருவந்தோறும் வந்து திரும்பிய ஆள்கள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களிலே நிலைத்தன. பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள். பெற்றோர் இங்கே அடக்கமானார்கள். வாழ்க்கை இவ்வாறு வேரூன்றிய காலத்திலேதான் பெயர் எதிர்த்திசையில் நடந்தது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே தமிழர் முதன்முறையாக ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். எண்ணுவோரின் வசதிக்காக வகுக்கப்பட்ட கட்டம், பின்னர் சட்டத்தின் சுவராயிற்று.

‘கூலி’ என்பதற்கு எதிராகத் ‘தொழிலாளர்’ என்ற சொல் எழுந்தது, நமது சமூக வரலாற்றின் ஒளி பொருந்திய அத்தியாயங்களுள் ஒன்று. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு கழகம் நிறுவி, தோட்ட மக்களைச் சிறையிலிடும் சட்டங்களுக்கு எதிராகக் குரல் கொடுத்தார். உயர்குடியிற் பிறந்த யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர் அதனைச் செய்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஆனால் அச்சொல்லை லயத்து வாசல் வரையில் கொண்டு சென்றவர் தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர். அந்நியர் தோட்டத்துக்குள் நுழைய முடியாத அந்நாளிலே, துணி வியாபாரி வேடத்தில் உட்புகுந்து நிலைமையை நேரிற் கண்டார் என்பர். பத்திரிகை நடத்தினார், துண்டுப் பிரசுரங்கள் எழுதினார், 1931இல் ஹட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களிலே பாடல்களைப் பாடி மக்களைத் திரட்டினார். எழுத்தறியாதோர் நிறைந்த கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து நின்று ‘தொழிலாளரே’ என்று விளிக்கும்போது, அதுவரையில் ஏவலை மட்டுமே கேட்டுப் பழகிய காதுகளுக்கு அவ்விளி எத்தகையதாக இருந்திருக்கும்!

1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். ஆயிரமாயிரம் பேர் பெயரின்றி மடிந்த அம்மண்ணில், வரலாற்று நூல்களிலே பெயரோடு இடம்பெற்ற தொழிலாளி அவர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸின் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். அவர்களுள் ஒருவர், தேயிலைத் தோட்டத்திலே பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை.

இவ்வெழுச்சிக்கு விடையாக வந்தனவே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949இல் வாக்குரிமையைப் பறித்த திருத்தமும். இலட்சக்கணக்கான மக்கள் ஒரு பேனா வீச்சிலே ‘நாடற்றவர்’ ஆயினர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே அவர்களுக்கென ஒரு பிரதிநிதிகூட இல்லை. 1950இல் அவர்களது பெருந்தொழிற்சங்கம் தன் பெயரிலிருந்த ‘இந்திய’ என்ற சொல்லை நீக்கி, ‘இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்’ எனப் பெயர் பூண்டது. அரசு அந்நியர் என்று கூறிய வேளையில், தாம் இந்நாட்டவர் என்பதை அவர்கள் தம் பெயராலேயே அறிவித்தனர்.

அதே காலத்தில் இன்னொரு சொல் தெருவிலே உலாவத் தொடங்கிற்று. சட்டவிரோதமாகக் கடல் கடந்து வருவோரைத் தடுக்க 1950களின் தொடக்கத்தில் தனிப்படை அமைக்கப்பட்டது. ‘கள்ளத்தோணி’ என்பது அவ்வாறு வந்தவர்களைக் குறித்த சொல். சில காலத்துள் அது, பாட்டன் காலந்தொட்டு இங்கேயே பிறந்து வாழ்ந்தோர் மீதும் வீசப்பட்டது. இத்தமிழ்ச் சொல் சிங்கள மக்களின் பேச்சிலும் வசையாகப் புகுந்தது. மொழிகளுக்கிடையே கொடுக்கல் வாங்கல் வேண்டும் என்போர் நாம். இப்படியொரு கொடையை எண்ணி நாணவே வேண்டும்.

1964 ஒக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிக்கப்படும் என்று பங்கீடு நடந்தது. அந்த எஞ்சியோரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். சம்பந்தப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. கப்பலேறியவர்களுக்குத் தமிழகத்து அரசாங்கக் காகிதம் வழங்கிய பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர் எங்ஙனம் அங்கே திரும்ப முடியும்? நீலகிரித் தோட்டங்களிலே அவர்கள் ‘சிலோன்காரர்’ ஆயினர். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். நாடற்ற நிலை சட்டத்தில் முற்றாக நீங்குவதற்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவையெல்லாம் துரைமாரும் அரசாங்கங்களும் செய்தவை. வடக்கிலே பிறந்த நாம் என்ன செய்தோம்? 1948–49ஆம் ஆண்டுகளில் இவ்விஷயத்தில் நமது தலைவர்கள் பிளவுண்டதும், அப்பிளவிலிருந்து தமிழரசுக் கட்சி பிறந்ததும் யாவரும் அறிந்தவை. மேடையரசியலுக்கு அப்பால், வீட்டினுள் நாம் பேசியது வேறு. ‘வடக்கத்தையான்’, ‘தோட்டக்காட்டான்’ என்ற சொற்கள் நம் இல்லங்களிலே புழங்கின. தோட்டத்துப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு அமர்த்திக்கொண்டு, அவர்கள் வயதுடைய நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினோம். இன வன்செயல்களால் விரட்டப்பட்டு, குறிப்பாக 1977இன் பின்னர், வன்னியிலே வந்து குடியேறிய மலையக மக்களையும் அதே சொற்களால் வரவேற்றோம். தமிழர் என்று மேடையிலே அணைத்துக்கொண்டு, தோட்டக்காட்டார் என்று வேலிக்கு வெளியே நிறுத்தினோம். சிங்களப் பேரினவாதம் நம்மை எப்பெயரிட்டு அழைக்கிறது என்பதைப் பற்றிக் கொதித்தெழும் நாம், நமது நாவைப் பற்றி ஒருமுறையேனும் விசாரணை நடத்தியதுண்டா?

‘மலையகம்’ என்ற பெயர் இந்தப் பின்னணியிலேதான் வளர்ந்தது. முதலில் ‘மலைநாடு’ என்ற வழக்கு இருந்தது. 1960களிலும் 1970களிலும் ஆசிரியர்கள், மாணவர்கள், எழுத்தாளர்கள் ஆகியோரின் முயற்சியால் ‘மலையகம்’ நிலைபெற்றது. தோட்டம் என்பது கம்பனிக்குரிய நிலம். மலையகம் என்பதிலோ ‘அகம்’ என்ற சொல் இருக்கிறது; அது வீட்டையும் குறிக்கும், உள்ளத்தையும் குறிக்கும். பிறர் இட்ட பெயர்களுக்குப் பதிலாக, தாம் வாழும் நிலத்தின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டமை ஓர் அரசியற் செயலாகும்.

இலக்கியம் இதற்குத் துணை நின்றது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் கதைகள், மலைநாட்டு எழுத்தாளரின் போட்டிக் கதைகளைத் தாங்கி 1971இல் வெளியான ‘கதைக்கனிகள்’ ஆகியவற்றைப் படிக்கும்போது, வெளியார் எழுதிய அனுதாபக் கதைகளுக்கும் இவற்றிற்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும். அனுதாபக் கதையிலே தொழிலாளி கண்ணீரின் வடிவம். இவற்றிலோ கோபிப்பவர், காதலிப்பவர், கங்காணியை நையாண்டி செய்பவர், தவறு செய்து வருந்துபவர். அவர்கள் தம் சொந்தப் பேச்சுத் தமிழிலேயே பேசுகிறார்கள். ‘ஏழைக் கூலி’ என்று இரங்குவதும் ‘தோட்டக்காட்டான்’ என்று இகழ்வதும் ஒரு மனிதரை முழுமையாகக் காண மறுப்பதில் ஒன்றே.

இப்பெயரைப் பற்றி அம்மக்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ‘இந்திய வம்சாவளித் தமிழர்’ என்ற அடையாளம் தமக்குப் பாதுகாப்பு என்போர் உளர். அது தம்மை என்றும் வந்தேறிகளாக வைத்திருக்கும் என்போர் உளர். கொழும்பிலும், தென்னிலங்கை றப்பர்த் தோட்டங்களிலும், வன்னியிலும் வாழ்வோரை மலையகம் என்ற சொல் உள்ளடக்குமா என்ற வினாவும் எழுகிறது. 2023இல், இருநூறாம் ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் மூதாதையரின் வழியே நடந்து சென்றவர்கள் மலையகத் தமிழர் என்ற பெயரையே முன்வைத்தனர். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்பதனோடு ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் சேர்க்கப்பட்டது. விவாதம் முடிந்துவிடவில்லை, அதை முடித்துவைக்கும் உரிமை அவர்களுக்கே உரியது. வெளியிலிருப்போர் செய்யத்தக்கது, யார் தம்மை எவ்வாறு அழைக்கக் கேட்கிறாரோ அவரை அவ்வாறே அழைத்தல்.

‘பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா? பொருளாதார அடித்தளத்தை மாற்றாமல் சொல்லை மெருகிடுவது முதலாளித்துவ ஏமாற்று’ என்று நமது தோழர்களுள் சிலர் வாதிடுவர். இவ்வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ‘கூலி’ போய்த் ‘தொழிலாளி’ வந்த பின்னரும் லயங்கள் லயங்களாகவே நின்றன. இன்றும் லயன் அறைக்குத் தனி முகவரி இல்லாத குடும்பங்கள் பல. அவர்களுக்கு வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தைச் சுற்றியே வருகின்றன. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கைக்குக் கிடைத்து வாய்ப்பிழந்த மாணவர்களை நான் அறிவேன். நிலவுரிமையும் வீட்டுரிமையும் நியாயமான ஊதியமுமின்றி, அழகிய பெயர் ஒன்றை மட்டும் கையிற் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று ஒதுங்குவோமாயின், அது மோசடியே.

ஆனால் மேலே கண்ட வரலாறு மற்றொன்றையும் கூறுகிறது. உரிமைப் பறிப்பு ஒவ்வொன்றுக்கும் முன்னோடியாக ஒரு சொல் வந்திருக்கிறது. கூலி என்று சொல்லப்பட்டமையாற் சிறையிலிடுவது எளிதாயிற்று. இந்தியர் என்று எழுதப்பட்டமையால் வாக்கைப் பறிப்பது எளிதாயிற்று. கள்ளத்தோணி என்று ஏசப்பட்டமையாற் கப்பலேற்றுவது எளிதாயிற்று. அவ்வாறே உரிமைப் போராட்டம் ஒவ்வொன்றும் ஒரு புதிய பெயரைத் தாங்கி வந்திருக்கிறது. சொல்லும் சோறும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சம்பளப் போராட்டத்திலே நிற்கும் பெண், மேற்பார்வையாளர் தம்மை ‘டீ’ போட்டுப் பேசக்கூடாது என்பதையும் கோரிக்கையாக வைப்பாளாயின், அவளைப் பார்த்து ‘இது இரண்டாம் பட்சம்’ என்று கூறும் தகுதி நம்மில் எவருக்குண்டு?

ஆகவே எழுதுவோரும் கற்பிப்போரும் சிலவற்றை உடனடியாகச் செய்யலாம். பழைய ஆவணத்தை எடுத்துக்காட்டும்போது ‘கூலி’ என்ற சொல்லை மறைக்க வேண்டியதில்லை. அது குற்றத்தின் சான்று. ஆனால் நமது சொந்த வாக்கியத்தில் அது நுழையலாகாது. ‘அவர்களுக்கு அறிவூட்ட வேண்டும்’, ‘அவர்களை உயர்த்த வேண்டும்’ என்று எழுதுமுன், இந்நாட்டின் அந்நியச் செலாவணியைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர் யார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வினைமுற்றைக் கவனிக்க வேண்டும். பெயர்ச்சொல்லை மாற்றிவிட்டு வினையை மறந்துவிடுவது நமக்குக் கைவந்த கலை. ‘மலையகத் தமிழ்ச் சகோதரி’ என்று மேடையிலே முழங்கியவர், மேடையை விட்டிறங்கியதும், தேநீர் கொண்டுவந்த பெண்ணை ‘இங்கே வை’ என்பார். தமிழ் மொழியிலே அந்த விகுதியை மறைக்க இடமில்லை.

என் மாணவியின் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை, ‘வாருங்கள்’ என்பதே. அவள் தலையசைத்துவிட்டு அமர்ந்தாள். நம்பினாளா என்பது தெரியாது. அடுத்த தவணைப் பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய தாயார் வந்தார். வாசலிலேயே நின்று, உள்ளே வரலாமா என்று பார்த்தார். ‘வாருங்கள் அம்மா, இருங்கள்’ என்றேன். என் குரல் எனக்கே செயற்கையாக ஒலித்தது. அவர் கதிரையில் அமராமல், நின்றபடியே ஒப்பமிட்டார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் கேட்ட ஏவலை ஒரு கூட்டத்திலே மறந்துவிடும்படி நான் எதிர்பார்த்தது பேதைமை. பேனாவைத் திருப்பித் தரும்போது, மகள் கணக்கிலே எப்படி என்று கேட்டார். அதன் பின்னரே இருவரும் அமர்ந்து பேசினோம்.